சரிக்கட்டிய எடை

2 ஏப்ரல் 1938, நாமகிரிப்பேட்டை

சேலம் கால்நடை ஆபீசிலிருந்து உத்தரவு. இந்தப் பகுதிக்கு ஒரே ஒரு பொலிகிடாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றக் கிடாக்குட்டிகளுக்குக் காயடிப்பு. ஊரார் முன்பே ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான். தேறுகிறவை இரண்டு ஆட்டுப் பட்டிகள். ஒன்று தங்கசாமிக் கவுண்டருடையது. மற்றது சின்னுசாமிக் கவுண்டருடையது. அவர் என் மாமனார்.

வேறு ஆளை அனுப்பச் சொல்லி எழுதலாமா? எழுதவில்லை. தராசு யாருக்கும் மருமகன் இல்லையே.

11 ஏப்ரல்

தங்கசாமியின் குட்டி 27 ராத்தல். மாமனாருடையது 21. அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் கலைந்தார்கள்.

12 ஏப்ரல்

முடியவில்லை. மாமனார் குட்டி பன்னிரண்டு நாள் இளையது. இரட்டையில் ஒன்று, பாலைப் பங்கிட்டுக் குடித்தது. தாய் ஈன்றது முதல் முறை, தலையீத்து. இரண்டையும் தொண்ணூறு நாள் வயதுக்குக் கொண்டுவந்து, இரட்டைக்கும் தலையீத்துக்கும் உரியதைச் சேர்த்தால் தங்கசாமியுடையது 25, மாமனாருடையது 24. கிட்டத்தட்டச் சமம்.

ஆனால் தங்கசாமி பட்டியில் கடலைப் பிண்ணாக்கு, வேலிக்குள் நல்ல புல். இப்படிச் சரிக்கட்டினால் அங்கே குட்டிகளின் சராசரியே 24. மாமனார் மேய்ப்பது கல்லும் முள்ளுமான கரட்டோரம், அங்கே 19. தன் கூட்டத்தைவிடத் தங்கசாமியின் குட்டி ஒரு ராத்தல் கூடுதல், மாமனாருடையது ஐந்து. தீனியால் ஏறிய எடை அடுத்த தலைமுறைக்குப் போகாது.

மறுபடி போட்டுப் பார்த்தேன். மாமனார் குட்டிதான். வேறு யாருடையதாக இருந்திருந்தால் இன்றே எழுதி அனுப்பியிருப்பேன்.

16 ஏப்ரல்

கோயில் முன் ஊரார் கூடினார்கள். கணக்கை விளக்கினேன். தங்கசாமி எழுந்தார். கோபமில்லை, சிரிப்பு.

"ஏனுங்க, எங்குட்டிக்குத் தராசுல ஏறுற ராத்தலு உங்க மாமனாரு குட்டிக்குக் காயிதத்துல ஏறுதுங்களா? நல்லாத்தான் சரிக்கட்டிப்போட்டீங்க."

கூட்டமே சிரித்தது. கணக்குத் தாளை மடித்தேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்குட்டியக் காயடிச்சுப் போடுங்க மாப்பளெ. கிடா போனா இன்னொண்ணு பொறக்கும். உங்க பேரு போனா வராதுங்க."

தலையாட்டிவிட்டேன்.

17 ஏப்ரல்

இடுக்கி போட்டேன். மாமனார் பிடித்துக்கொண்டார். குட்டி ஒரு தரம் கத்தியது. சேலத்துக்குத் தங்கசாமியின் கிடாவை எழுதினேன்.

20 ஏப்ரல்

 இன்று சோறு போடும்போது சௌந்திரம் சொன்னாள்: "எங்கப்பனுக்கு ஒத்தாசை பண்ணுங்கன்னு நாங் கேக்கலீங்க. உள்ளதச் சொல்லிப்போட்டு அதுமேல நின்னிருக்கலாமில்லீங்க?"

நின்றிருக்கலாம். ஏன் நிற்கவில்லை? சிரித்தார்களே — அதுக்கா?

3 ஆகஸ்ட்

மழை இல்லை. இரண்டு ஊரில் கோமாரி.

7 டிசம்பர்

மாமனார் பட்டியில், காயடித்த குட்டியின் தாயாடு மறுபடி ஈன்றிருக்கிறது. கிடாக்குட்டி.

28 டிசம்பர்

தங்கசாமி மாமனார் பட்டிக்கு வந்து தாயையும் குட்டியையும் கேட்டிருக்கிறார். "என்ன தீனி போட்டும் எம்பட குட்டியெல்லாம் ஒரே மட்டத்துல நிக்குதுங்க. உங்க காஞ்ச கரட்டுல இதெப்புடீங்க இப்புடி நிமுந்துச்சு?" மாமனார் கொடுத்துவிட்டார். என்னிடம் பிறகுதான் சொன்னார். 

6 மார்ச் 1939

தங்கசாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். குட்டி அவர் பட்டியில், அவர் பிண்ணாக்கில் வளர்ந்திருந்தது. இந்த ஈத்தில் அங்கே பிறந்தவற்றில் ஒன்றும் இந்த வயதில் 26-ஐத் தாண்டவில்லை. நான் தராசைத் தொடவில்லை. அவரே தூக்கி மாட்டி முள்ளைக் காட்டினார். 31.

"எழுதிக்கங்க," என்றார். "இதுல நீங்க ஒண்ணுங் கூட்ட வேண்டியதில்லீங்க."

எழுதிக்கொண்டேன்.