நாலாவது பேர்

மச்சான்,

இன்று காலை கடலூர் கோர்ட்டுக்குக் கிளம்பும்முன் மேசைக் கண்ணாடியைத் தூக்கினேன். உன் தாள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அடியில் கசிந்த உன் ரத்தம் மூலையில் காய்ந்து பழுப்பாகிக் கிடக்கிறது. அதற்கு மேலே உன் குண்டு குண்டு எழுத்தில், எந்த இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் எது வரும் என்று: அக்யூஸ் என்றால் ஆஃப், சார்ஜ் என்றால் வித், பிளேம் என்றால் ஃபார். கடைசியில், சிவப்பு மையில் இரண்டு கோடு போட்ட அலெஜ், 'செய்ததாகச் சொல்கிறார்கள்' என்பதற்கு.

சிதம்பரம் கோர்ட்டுக்கு எதிரே நம் டைப்பிங் கடை. நாம் இரண்டு பேர், ஒரு பிரிண்டர். தமிழில் அழுதுகொண்டு வருகிறவர்களின் புகாரை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பது பிழைப்பு. நான் அவசரக்குடுக்கை, அக்யூஸுக்குப் பின்னால் ஃபார் போட்டுவிடுவேன். அதற்குத்தான் இந்தத் தாளை எழுதிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாய். "அடிச்சான்னு போடாத மச்சான், அடிச்சதா சொல்றாங்கன்னு போடு. நீ என்னா கூட நின்னு பாத்தியா?" என்பாய். நீ என்ன பெரிய ஜட்ஜா என்று நான் எகிறுவேன்.

புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் மண்டையில் கட்டோடு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வரப்புத் தகராறு. அடித்தது அண்ணன் தம்பி மூன்று பேர். அவர்களுடைய கடைசித் தம்பியின் பேரையும் நாலாவதாகச் சேர்க்கச் சொன்னார். ஒருத்தன் கை ஓங்கினால் குடும்பத்துக்கே பேர் போடுவது நம் பக்கத்துப் பழக்கம்தானே.

"அவன் அங்க இருந்தானா?" என்று கேட்டாய்.

"இல்ல சார். ஆனா அவன் சிங்கப்பூர் போவப்போறான். அவன் சம்பாரிச்சா இவனுங்க ஆட்டம் ஜாஸ்தியாயிடும்."

"அப்ப அவன் பேரு வராது. வேற கடைய பாருங்க."

மறுநாள் நீ மாமனார் வீட்டுக்குக் கடலூர் போயிருந்தாய். அந்த மண்டைக் கட்டுக்காரர் திரும்பி வந்தார். நான் அடித்துக் கொடுத்தேன். வாதாடச் சோம்பல், வேறென்ன. பேருக்கு முன்னால் உன் அலெஜைப் போட்டேன். அதைப் போட்டுவிட்டால் பொய்யும் சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன், பாவி. புகார்த் தாளின் அடியில் நம் கடைப் பேர் இருந்தது. உன்னிடம் மூச்சு விடவில்லை.

அந்தக் கடைசித் தம்பி பதினைந்து நாள் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது முன்பல் இரண்டு இல்லை, சிங்கப்பூர் வேலையும் இல்லை.

பட்டப்பகலில் அரிவாளோடு வந்தான். "எவன்டா எம்பேர டைப் அடிச்சது?" என் வாய் திறக்கவில்லை. நீ அவன் கையைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய். அதிலேயே உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தாம்பா. கத்திய கீழ வை, பேசிக்கலாம்" என்றாய்.

பேசிச் சமாளித்துவிடலாம் என்றுதான் நீ நினைத்திருப்பாய். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அரிவாள் எலும்பில் மாட்டிக்கொண்டது. உன் மார்பில் காலை ஊன்றி அதைப் பிடுங்கினான். அடுத்தது கழுத்தில். கீபோர்டில் எழுத்தே தெரியவில்லை. நான் பிரிண்டர் மேசைக்கு அடியில் இருந்தேன். உன் குதிகால் என் முகத்துக்கு நேரே தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

போலீஸ் கேட்டபோது, "நான்தான் டைப் பண்ணேன்னு அவரே சொன்னாரு சார்" என்றேன். பார், அதில்கூடப் பொய் இல்லை. நீ சொன்னதைத்தான் சொன்னேன். அலெஜ் போட்ட அதே புத்தி.

பொய்ப் பேர் சேர்த்தான், வெட்டு வாங்கினான் என்று கோர்ட் வாசல் டீக்கடை முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு. உன் மனைவியும் அதை நம்பினாள். கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்திகூட எரியவில்லை. எனக்குத் தெரியும், கல்லறைத் தோட்ட வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்தான்.

இன்று உன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டேறினேன். "இறந்துபோனவர்தானே அந்தப் பேரைச் சேர்த்தது?" என்று உன்னை வெட்டினவனுடைய வக்கீல் கேட்டார்.

"இல்லைங்க ஐயா. அவரு முடியாதுன்னுட்டாரு. அந்தப் பேர அடிச்சது நான். எனக்காக அவரு வெட்டுப்பட்டாரு."

அலெஜ் எதுவும் போடவில்லை, மச்சான். எதிரே நின்றவன் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். தப்பான ஆளை வெட்டினோம் என்று அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் உன் மனைவி என்னைத் தேடி வந்தாள். "தங்கச்சி" என்று வாயெடுத்தேன். அறைந்தாள். உதடு கிழிந்தது. மறுபடி அறைந்தாள், கை ஓயும்வரை அறைந்தாள். போலீஸ்காரர் ஒருவர் நடுவில் வந்து பிடித்தார்.

"மூணு வருசம்ண்ணே," என்றாள். "மூணு வருசமா தெனம் அந்த மனுசன திட்டிக்கிட்டுல்ல இருந்தேன்."

உன் தாளை எடுத்து நீட்டினேன். உன் எழுத்தைத் தொட்டாள். மூலையில் இருந்த கறையைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே வச்சிக்க" என்றாள்.

வைத்திருக்கிறேன், மச்சான்.