எலாதியோவின் நண்டும் அரசாங்க டப்பாவும்

ஹயலியா
14 மார்ச் 1989

அன்பு மகள் மிக்தாலியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் பல்செட் மட்டும் நலமில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அங்கே வெர்மான்டில் நீயும் உன் ஒற்றைக்கண் பூனையும் சௌக்கியமாக இருக்க நம் தீவின் கோப்ரே மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இன்னும் முழங்கால் அளவு பனி கிடக்கிறது என்று போன ஞாயிறு போனில் சொன்னாய், நான் இங்கே வெறும் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டு எழுதுகிறேன். உன் அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள், ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம், அதைப் பற்றி அவளிடம் வாய் திறக்காதே. மாமரம் இந்த வருடம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் சேவல் வளர்க்கிறான், அது சூரியனைப் பார்த்துக் கூவுவதில்லை, தெருவில் எந்தக் கார் திரும்பினாலும் கூவுகிறது.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று ஞாயிறு வாயெடுத்தேன், மூன்று தடவையும் உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு யாராவது நல்ல பையன் கண்ணில் பட்டானா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். விஷயம் உன் நண்டுக் கதைப் புத்தகத்தைப் பற்றியது. ஊர்ப் பெயர், மீன் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து இந்த மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பச் சொல்லி அச்சுப்படியை அனுப்பியிருந்தாயே, இரண்டு தடவை படித்துவிட்டேன். படம் போட்டவர் கைபாரியென் கரையில் மலை வரைந்திருக்கிறார், நம் ஊரில் நாற்காலி மேல் ஏறி நின்றால் அதுதான் மலை, அழிக்கச் சொல். மற்றபடி என் மகளின் பெயர் அட்டையில் அவ்வளவு பெரிதாக இருப்பதைப் பார்த்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அதற்கப்புறம் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய குறிப்பைப் படித்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

நாங்கள் தீவை விட்டு வந்தபோது எதையும் எடுத்துவர விடவில்லை, இந்த நண்டுக் கதை மட்டும்தான் என்னோடு வந்தது, இது மீனவரான என் கொள்ளுத்தாத்தா எலாதியோ தன் பேரனான என் அப்பாவுக்குச் சொன்னது, அவருக்கு அவருடைய தாத்தா சொன்னது என்று எழுதியிருக்கிறாய். முன்னுரை எழுதிய உன் பேராசிரியர் ஒரு படி மேலே போய்விட்டார். நண்டு விழுங்கும் அந்தப் பழுப்பு மண், தீவின் ஆதிகுடிகள் மண் உண்ட ஏதோ ஒரு சடங்கின் எச்சமாம். அதைப் படிக்கும்போது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன், சிரித்த சிரிப்பில் பல்செட் கோப்பையில் விழுந்து ஓரம் உடைந்துவிட்டது. மகளே, அது சடங்கும் இல்லை, மண்ணும் இல்லை. அது இந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த வேர்க்கடலை வெண்ணெய்.

உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு ஐந்து வயது. விமானத்தை விட்டு இறங்கி இரண்டாவது வாரம், அகதிகள் அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கி வந்த பெட்டியில் பால்பவுடர், முட்டைப்பவுடர், கூடவே வாளி மாதிரி ஒரு டப்பா. திறந்தால் உள்ளே பழுப்பாக, பிசுபிசுவென்று, சுவரில் விரிசல் அடைக்கலாம் போல இருந்தது. நம் ஆட்கள் யாரும் அதைக் கண்டதில்லை. அதில்தான் பிள்ளைக்குச் சத்து இருக்கிறது என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லி அனுப்பினாள். நீயோ வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது, கரண்டியைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்வாய். எனக்கு அவ்வளவு பயம். அன்று மதியம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு நண்டு வாய் நிறையப் பழுப்பு மண்ணோடு கடலைத் தாண்டிப் போகிறது, ஒவ்வொரு அலையும் அதை நிறுத்தி நீ யார் என்று கேட்கிறது, பதில் சொல்ல வேண்டுமென்றால் வாயில் இருப்பதை விழுங்கியாக வேண்டும். நீதான் நண்டு, நான்தான் அலை என்றேன், நீ வாய் திறந்து வாங்கி விழுங்கினாய். விழுங்கிவிட்டு, நான் எலாதியோவின் நண்டு என்று அலைக்குப் பதில் சொன்னாய். தாத்தா பெயரை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அந்த நேரத்தில் வாயில் வந்த பெயர் அது. அவ்வளவுதான் கதை பிறந்த வரலாறு, இடம் ஹயலியா, நாம் இருந்த மாடி வீட்டுச் சமையலறை.

என் தாத்தா எலாதியோ கதை சொல்கிற ஆளே இல்லை, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் இரண்டு படகைத் திட்டுவதற்கு. உனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள், இதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாய். நான் அப்போது ஓட்டலில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், தரை துடைக்கிறவன் உட்கார்ந்து நண்டுக் கதை கட்டினான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, தாத்தா சொன்னார் என்று சொல்லிவிட்டேன். உன் முகம் அப்படி மலர்ந்தது. அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வேன், நீ அதைப் பள்ளியில் சொன்னாய், நூலகங்களில் சொன்னாய், அதை வைத்தே கதை சொல்கிறவளாக ஆகிவிட்டாய்.

யோசனை கேட்கலாம் என்று சனிக்கிழமை நம் ஆட்கள் நின்று காபி குடிக்கிற கடை ஜன்னலுக்கு அச்சுப்படியை எடுத்துக்கொண்டு போனேன். புத்தி கெட்ட காரியம். முடிதிருத்துகிற செரஃபினும், உன் அம்மாவோடு தையல் ஆலையில் இருந்த தோமாசா அக்காவும் நின்றிருந்தார்கள். கதையைப் படித்துக் காட்டினேன். முடிக்கவே இல்லை, செரஃபின் குறுக்கே பாய்ந்து, “டேய், இது எங்க சாகுவா ஊர்க் கதைடா, எங்க பெரியப்பா சொல்லுவாரு, உங்க கைபாரியென் ஆளுங்களுக்குக் கதை எங்கடா தெரியும்” என்றான். தோமாசா அக்கா காபியைக் கீழே வைத்துவிட்டு, “உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல. இது பினார் தெல் ரியோ கதை. எங்க சித்தி சொன்னது. அதுல நண்டு திரும்பி வீட்டுக்கு வந்துரும், அதுதான் சரியான கதை” என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, ஐயா, இது நான் கட்டிய கதை என்று சொன்னேன். கடையே சிரித்தது. “ஏன் தம்பி, ஊர்க் கதைய உன் கதைங்கிறியே, வெக்கமா இல்ல? நாளைக்குக் கடலையும் நான்தான் வெட்டினேன்னு சொல்லுவ” என்று தோமாசா அக்கா கேட்டாள். இருபத்து மூன்று வருடம் பொய் சொன்னபோது ஊர் நம்பியது, ஒரு நாள் உண்மை சொன்னேன், திருடன் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். “அவங்கள ஏன் திட்டுறீங்க? ஆலையில எல்லாப் பொம்பளைங்க வீட்டுலயும் அதே டப்பாதான், எந்தப் பிள்ளையும் தொடல. நான்தான் மெஷின்ல உக்காந்து உங்க நண்டக் கதையா சொன்னேன். தோமாசா பேரன் அதக் கேட்டுத்தான் தின்னான். செரஃபினோட பொண்டாட்டியும் அங்கதான இருந்தா?” ஆக, ஹயலியாவில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த டப்பாவை ஊட்டியது நம் நண்டுதான். இது எனக்குத் தெரியவே தெரியாது. அன்று பகல் முழுவதும் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

இப்போது நான் பேசாமல் இருந்துவிடலாம், அது பழைய ஊர்க் கதைதான் என்று சத்தியம் செய்ய இத்தனை சாட்சி இருக்கிறது. ஆனால் குறிப்பின் கீழே உன் பெயர் இருக்கிறது. உன்னை நம்பிப் படிக்கிற பிள்ளைகளுக்கு என் பொய்யை நீ சொல்லக் கூடாது. அங்கிருந்து உன்னோடு வந்ததாக நீ நினைக்கும் ஒரே பொருளை உன்னிடமிருந்து பிடுங்குகிறேனே என்று மூன்று வாரமாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். என் மேல் கோபப்படு, பரவாயில்லை. ஒன்று மட்டும் கேள். நான் அந்தக் கதையை முடித்ததே இல்லை. அலைக்கு ஒரு வாய், ஏழாவது அலையில் கரண்டி காலி, கதையும் அங்கேயே நின்றுவிடும், நண்டு நடுக்கடலில் நிற்கும். உன் புத்தகத்தில் அது கரை ஏறி, அந்த ஊர் நண்டுகள் நீ யார் என்று கேட்கும்போது, வாயில் மண் இல்லாமல், எலாதியோ பெயரும் இல்லாமல், தன் சொந்தப் பெயரைச் சொல்லுகிறதே, அதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது நீயே எழுதியது. அதைப் படித்த பிறகுதான் என் நண்டு கரை சேர்ந்தது.

அதனால் உன் குறிப்பில் தாத்தா பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, சாப்பிட மறுத்த பிள்ளைக்காக என் அப்பா எவேலியோ ஹயலியாவில் கட்டிய கதை, முடிவு மட்டும் என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் ரப்பரால் அழித்துவிடு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். பேராசிரியரை மட்டும் கேலி செய்துவிடாதே, பாவம், நல்ல மனிதராகத் தெரிகிறார், ஒரு டப்பா வாங்கிக் கொடு.

பனியில் கார் ஓட்டும்போது மெதுவாகப் போ. காலை வேளையில் வெறும் காபியோடு கிளம்பாதே. மாதா உன் தொண்டையையும் கையையும் காக்கட்டும், உன் கதை போகிற இடமெல்லாம் பிள்ளைகள் வாய் திறக்கட்டும். மே மாதம் மாம்பழத்துக்கு வர டிக்கெட் எடுக்க மறக்காதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா எவேலியோ

கண்ணு, அம்மா எழுதுகிறேன், இவர் தபால்தலை தேடப் போயிருக்கிறார். பென்சிலில் எழுதியதை எல்லாம் நான் பேனாவால் மேலே எழுதிவிட்டேன், இனி அழியாது. இன்னொன்று. இவர் முதலில் மூன்று அலைதான் வைத்தார். பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறது, ஏழாக்குங்கள் என்று அடுப்படியிலிருந்து சொன்னது நான். அதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், பேனாவால்.
அம்மா ஒதிலியா