மஸீனா வீட்டுத் தண்ணீர்

மடவளை,
9.5.1999

அன்பின் மஸீனா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேப்பரில் உன் போட்டோ வந்ததிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. “விண்வெளிக்குப் போற ஆக்கள்ட உயிரு எங்கட மஸீனாட கையிலயாம்” என்று மீன்காரர்கூடச் சொல்கிறார். என்னைக் கட்டிய மாப்பிள்ளை மக்கீன் அதை வெட்டிச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹோலிலேயே மாட்டிவிட்டார்!

எனக்கு வயிறு எரிகிறது மச்சி, ஒளிக்க என்ன இருக்கிறது? பேராதனையில் ஒரே வாங்கில் இருந்துதான் இஞ்சினியரிங் படித்தோம். சோதனைக்கு முதல் நாள் உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அமெரிக்கா போக உன் வாப்பா விட்டார், என் வாப்பா விடவில்லை. இப்போது நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன்.

உன்னைப் பெற்ற மாமி உன் படத்தைத் தடவிக்கொண்டே கேட்டார், “மகள் என்னத்தப் புள்ள அங்க செய்யிற?” உள்ளதைச் சொன்னேன். விண்வெளியில் இருப்பவர்களின் மூத்திரத்தைக் குடிதண்ணீர் ஆக்கும் இயந்திரம் செய்கிறாள் என்று. மாமியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

உன்னிடம் வர மாமிக்கு விசா கிடைத்துவிட்டதாமே. நல்லது.

வயிறெரியும் மச்சி,
றலியா

*

ஹூஸ்டன்,
2.6.1999

றலியா,

ஸலாம். என்ன வேலை பார்த்துவிட்டாய்! உம்மா போனில் அழுகிறார். “அந்தத் தண்ணில நான் எப்பிடி மகள் கை கால் கழுவி ஒளு எடுத்துத் தொழுற? நான் வரல்ல” என்கிறார். என் வீட்டுக் குழாயிலும் அதுதான் வருகிறதாம். இல்லை உம்மா, இது வாவித் தண்ணீர் என்று எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லை. றலியா படித்த பிள்ளையாம், அவளிடம் கேட்டாராம்.

வியர்வை, மூச்சின் ஈரம், எல்லாவற்றையும்தான் தண்ணீராக்குகிறோம். அங்கே மழையா பெய்கிறது? போனவர்கள் உயிரோடு திரும்ப வேண்டுமே என்று வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். நீ மூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாய்.

பொறாமை உனக்கு மட்டும்தானா? நினைத்த நேரம் மதிலைத் தாண்டிப் போய் என் உம்மாவின் கையால் சோறு தின்கிறாய். நான் ஆளில்லாத வீட்டைத் திறக்கிறேன். உம்மாவை எனக்கு விடு றலியா. நீயே போய் உண்மையைச் சொல்.

மஸீனா

*

மடவளை,
27.6.1999

அன்பின் மச்சிக்கு,

“அவள்ட ஊட்டுப் பைப்லயும் அந்தத் தண்ணி தானா?” என்று மாமி அன்றைக்குக் கேட்டது உண்மை. நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்தேன்.

உன் கடிதம் கண்டதும் போய்ச் சொன்னேன். மாமி சிரித்துவிட்டார். “அது எனக்குத் தெரியும் புள்ள. பள்ளிவாசல் ஹஸரத்தும் சொன்னார். தண்ணியச் சும்மா சாட்டுக்குச் சொன்னேன். அவள் வேலைக்குப் போனா நான் அங்க சுவரப் பாத்துட்டு ஈக்கணும். ஒன்ன உட்டுட்டு எனக்குப் போக ஏலா. இத அவள்ட்டச் சொல்லாத, ஒடஞ்சி போவாள். தண்ணியே காரணமா ஈக்கட்டும்.”

சொல்லாதே என்றதை எழுதுகிறேன். என் உம்மா மௌத்தான பிறகு எனக்கு மாமிதான் உம்மா. உனக்கு இல்லாத ஒன்று எனக்கு இருக்கிறது என்று ஒரு தரமாவது நீ அறிய வேண்டும் போல் இருந்தது. என்மேல் கோபித்துக்கொள், ஆனால் பதில் போடு.

றலியா

*

ஹூஸ்டன்,
21.7.1999

றலியா,

வாசித்தேன்.

தண்ணீர்தான் காரணம் என்று நம்பிக்கொண்டே இருந்திருப்பேன். உம்மாவின் பிடிவாதத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு, வருடா வருடம் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். அதையாவது உம்மா எனக்கு விட்டுவைத்தார். நீ அதையும் எடுத்துவிட்டாய்.

நேற்று எங்கள் இயந்திரத்தின் தண்ணீரை எல்லாரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம். கை தட்டினார்கள். உடனே உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

இனி எனக்கு எழுதாதே. உம்மாவுக்கு எழுத்து வாசிக்கக் கண் தெரியாது. மஸீனா கடிதம் போட்டாளா என்று உன்னிடம்தான் கேட்பார். போட்டாள் என்று சொல். தண்ணீரை நினைத்துத்தான் கவலைப்படுகிறாள் என்று சொல்.

மஸீனா