பூங்காவில் நான் சொன்னது

அன்புள்ள மினேகோ,

நான் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி அடிபடாமல் வந்து சேர்ந்தது.

ஞாயிறன்று எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பூங்காவில் புல் பிடுங்கினோம். நடுவில் தேநீர் குடிக்கும்போது பேச்சு உக்ரைன் போர் பக்கம் போனது. நான் சும்மா இருந்திருக்கலாம். “கொஞ்சம் நிலத்த விட்டுக் கொடுத்துட்டுப் போனா என்னவாம்? நமக்குப் பெட்ரோல் விலையாவது குறையும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஒக்சானா. போன வருஷம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள். நம் ஜப்பானியப் பேச்சு அவளுக்குப் புரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

“அந்தக் கொஞ்ச நிலத்துலதான் எங்கம்மா இருக்காங்க, இகுதா சார். கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், கோபமே இல்லாமல். என் கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்தவரிடம் போனாள். நான் கோப்பையை வைத்துவிட்டு மறுபடி புல் பிடுங்கப் போய்விட்டேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் உன் பேரிக்காய்களோடு அவள் வாசலில் போய் நின்றேன். கதவு திறந்ததும், “ஊர்லேருந்து நிறைய வந்துடுச்சு, வீணாப் போயிடும்” என்று உளறிவிட்டேன். மினேகோ, அவள் இரண்டு முறை குனிந்து எனக்கு நன்றி சொன்னாள். அன்றிலிருந்து சுற்றுவழியில் போய்த்தான் பஸ் பிடிக்கிறேன்.

பெரிய விஷயமில்லை, கவலைப்படாதே. குளிர் தொடங்கப்போகிறது, என் கம்பளிச் சட்டையை அனுப்பு. அப்படியே, மன்னிப்புக் கேட்டு எழுதுகிறவர்கள் முதல் வரியில் என்ன எழுதுவார்கள் என்றும் சொல். நாலு தாள் கிழித்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் இதுகூடத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தோரு