அண்ணியார் வீட்டுக்கு வந்த பெட்டி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் தோள் வலி எப்படி இருக்கிறது? வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தாலே உங்கள் மகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் அருமை அண்ணியாரைப் பற்றியதுதான். நான் வேறு யாரைப் பற்றி எழுதப் போகிறேன்! போன வாரம் அவர்கள் முன்வரிசையில் வீட்டுக்கு வீடு தபாலில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. நம் பின்வரிசைக்கு ஒரு துரும்புகூட வரவில்லை. என்ன பெட்டி என்று கேட்டதற்கு, "அது ஒண்ணுமில்லடி" என்று சொல்லி அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்.

அன்று முழுக்க லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது. மறைக்காமல் சொல்கிறேன், பொறாமையில் வெந்துபோனேன். ஏற்கெனவே அவருக்கு என்னதான் இல்லை? வாசலில் தனிக் கதவு எண், தெருவைப் பார்த்த ஜன்னல், வேலைக்குப் போகும் இரண்டு மகன்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குள்ளேயே தாழ்ப்பாள் வைத்த கழிப்பறை. காலையில் நாமெல்லாம் வாளியோடு பொதுக் கழிப்பறை வாசலில் நிற்கும்போது, அவர் குளித்து முடித்து ஜன்னலோரம் நின்று முடி உலர்த்துவார். உங்கள் மகள் வேறு, "பெரியம்மா வீட்டுல போய்க்கிறேன்மா" என்று ஓடிவிடுகிறாள். போனவள் அங்கேயே சாப்பிட்டு, தலையும் பின்னிக்கொண்டுதான் வருகிறாள். நான் பின்னினால் இறுக்குகிறதாம்.

பொறுக்க முடியாமல் சுகாதார நிலையத்துக்கே போய்க் கேட்டேன். நர்ஸ் சொன்ன பிறகுதான் அது பரிசுப் பெட்டி இல்லை என்று தெரிந்தது. மலத்தில் துளி எடுத்து, அதிலிருக்கும் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் சோதனையில் தெரிந்துவிடுமாம். குடலில் புற்றுநோய் வந்தால் முளையிலேயே கண்டுபிடிக்கிற வழியாம் அது. நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கெல்லாம் உண்டாம். அடக் கடவுளே, இதற்காகவா தூக்கம் கெட்டுக் கிடந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனாலும் விடவில்லை. எனக்கும் வயது நாற்பத்தாறு ஆகிறதே, ஏன் வரவில்லை என்று கேட்டேன். நம் பின்வரிசை முழுவதற்கும் சேர்த்து ஒரே கதவு எண் அல்லவா, ஒரே வீட்டில் இத்தனை பேர் இருக்க முடியாது என்று கம்ப்யூட்டர் எல்லோரையும் ஒதுக்கிவிட்டதாம். "அப்போ முன்வரிசைக்காரங்களுக்கு மட்டும்தான் குடல் இருக்கா? எங்க வயித்துல என்ன, கயிறா சுத்தி வெச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்துவிட்டாள்.

மறுநாளே பை நிறையப் பெட்டிகளோடு நம் குழாயடிக்கு வந்து நின்றாள். வீடு வீடாக நான்தான் கூட்டிப் போனேன். தையல்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார், அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். முதல் ஆளாக நான் கொடுத்தேன். உங்கள் அண்ணியார் பெட்டி இன்னும் அலமாரி மேலேயே கிடந்தது. வெட்கமாம். "நானே குடுத்துட்டேன், உங்களுக்கு என்னக்கா?" என்று குத்தியதும் ரோஷம் வந்து அவரும் கொடுத்தார். ஒன்றிலாவது அவரை முந்திவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கப்பல் கட்டும் தளத்தில் இந்தப் பெட்டி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


என்னங்க,

உங்கள் பதில் வரும் முன்பே மறுபடி எழுதுகிறேன். பதறாதீர்கள், மகள் நன்றாக இருக்கிறாள்.

சோதனை முடிவு வந்துவிட்டது. தையல்காரருக்கு ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணியாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு ரத்தம் இருக்கிறதாம். இதிலும் அவருக்குத்தான் நல்லது நடக்க வேண்டுமா? அவருக்கு வந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ரத்தம் என்றால் அதுவேதான் என்று அர்த்தமில்லை, மூலநோயாகவும் இருக்கலாம், சின்னக் கட்டி என்றால் அப்போதே எடுத்துவிடலாம் என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்களாம். அதற்கு முந்தின சாயங்காலமே மருந்து குடித்து வயிற்றைச் சுத்தமாக்க வேண்டுமாம். ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்குமாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நம் பொதுக் கழிப்பறையை ராத்திரி பூட்டிவிடுவார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேசாமல் வேலைக்குப் போனேன்.

நர்ஸ் விடவில்லை. ஏன் தேதி வாங்க வரவில்லை என்று வீட்டுக்கே வந்து கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் ஓட்டைவாய் மகள் நேரே பெரியம்மாவிடம் ஓடிவிட்டாள். அன்று சாயங்காலமே அண்ணியார் வந்து திட்டினார் பாருங்கள், பின்வரிசையே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. "என் வீட்டுல தாழ்ப்பா போட்ட கக்கூஸு எதுக்குடி இருக்கு, கண்காட்சிக்கா?" என்று கேட்டார். நான் மருந்து குடிக்கிற ராத்திரி பட்டறையிலேயே படுத்துக்கொள்ளும்படி உங்கள் அண்ணனுக்கு உத்தரவாம். மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், அதற்கும் அண்ணியாரே வருகிறார். லாண்டரி மேஸ்திரியிடம் லீவும் அவர்தான் கேட்டு வாங்கினார். நான் கெஞ்சினால் ஒருநாளும் இளகாத மனுஷன், அவர் கேட்டதும் பல்லைக் காட்டிக்கொண்டு கொடுத்தான். அதற்கும் எனக்கு எரிச்சல்தான், போங்கள்.

வியாழக்கிழமை சோதனை. கப்பல் வேலையைப் பாதியில் விட்டு நீங்கள் வர முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் மயக்கம் தெளிந்து கண் விழித்தால் எதிரில் அவர் முகம்தான் இருக்கும். டாக்டர் சொல்வதை உங்களுக்கு முன்னால் அவர்தான் கேட்பார். நினைத்தாலே ஆற்றாமையாக இருக்கிறது.

புதன் ராத்திரி மகளும் அங்கேதான் படுக்கப் போகிறாள். இப்போதே துணியை எடுத்து வைத்துக்கொண்டு குதிக்கிறாள். இன்று காலையில் அவளைப் பிடித்து உட்கார வைத்து, இறுக்காமல் மெதுவாக நானே தலை பின்னினேன். "இன்னிக்கு நல்லாருக்கும்மா" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை எது எப்படி ஆனாலும், நம் மகள் அவரை ஆயுசுக்கும் பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா என்று மட்டும் கூப்பிட விட்டுவிடாதீர்கள். தலை வேண்டுமானால் அவரே பின்னிவிடட்டும். அவருக்கு நன்றாகத்தான் வருகிறது.

உங்கள் வீட்டுக்காரி