திரை செத்த லேப்டாப்

உன் அக்கா நேற்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே உன் லேப்டாப்பும் அந்தப் பேசும் பெட்டியும் இருந்தன. மூடியைத் திறந்ததும் தைல வாசம் வந்தது. தைலம் தொட்ட விரலோடு கீபோர்டைத் தட்டாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது, வாசம் இன்னும் போகவில்லை.

கிள்ளானில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் நாம். இருபத்து நான்கு வயதில் உனக்குப் பார்வை போனது. பார்வையற்றோர் பயிற்சி நிலையம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபோய், கைத்தடி பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டாய், டெலிபோன் ஆபரேட்டர் வேலையும் பழகினாய். தொண்ணூறுகளின் கடைசியில், ஆபரேட்டர்களையே வேலையை விட்டு எடுத்துவிடப் போகிறார்கள் என்று உன் ஆபீஸில் பேச்சு வந்தது. அதற்குள் நீ லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் தலையை விட்டிருந்தாய். படம், ஐகான் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்திலேயே ஓடும் அது உனக்கு வாகாக இருந்தது. கணினியின் பின்னால் செருகிய பேசும் பெட்டி, திரையில் வருவதை இங்கிலீஷில் படித்துச் சொல்லும்.

ஆனால் நீ எதையாவது நோண்டிக் கணினி படுத்துவிட்டால் குரலும் சேர்ந்து போய்விடும். உடனே எனக்குப் போன் வரும். "வாடா, ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படி." நான் கொமுட்டர் ரயில் ஏறி வந்து, ஒரு வரியைப் படித்துச் சொல்லிவிட்டு, உன்னோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்புவேன். வழியெல்லாம் அலுத்துக்கொள்வேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன கம்பெனி, தங்கள் சர்வர்களைக் கவனித்துக்கொள்ள உன்னை ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னது. துணைக்கு ஆள் கூட்டிவரக் கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. அதற்காகத்தான் ஒரு லேப்டாப் வேண்டும் என்றாய், அதில் லினக்ஸும் அதற்குள் இன்னொரு மெஷினும் ஓட வேண்டும் என்றாய். விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஓடும் கற்பனைக் கணினி, அப்போது புதிது. எனக்குச் சரியாகப் புரியவில்லை.

"உள்ள இருக்குறத நான் எப்படி வேணாலும் உடைச்சுப் பார்ப்பேன். அது செத்தாலும் வெளிய இருக்குறது பேசிக்கிட்டே இருக்கும்லா. யாரையும் கூப்பிட வேணாம்."

கடைசியில் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

இம்பி சாலைப் பக்கத்துக் கணினிக் கடைகளில் மூன்று சனிக்கிழமை அலைந்தோம். நான் கடைக்குக் கடை திரையைப் பார்த்தேன். பளிச்சென்று இருக்கிறதா, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். கண் தெரியாதவனுக்கு லேப்டாப் வாங்கப் போய் மூன்று வாரம் திரை பார்த்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீயோ பின்பக்கத்தைத் தடவுவாய். பேசும் பெட்டியைச் செருகும் பழைய போர்ட் இருக்க வேண்டும், புதிதாக வந்த மெல்லிய மாடல்களில் அது இல்லை. இருந்தால், காதை வைத்து விசிறியைக் கேட்பாய். விசிறி இரைந்தால் குரல் எடுபடாது. பிறகு மெமரி எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்பாய். ஒரே பெட்டியில் இரண்டு மெஷின் ஓட அது நிறைய வேண்டும். அங்கே வந்து உன் கையிருப்பு பற்றாமல் போகும்.

மூன்றாவது சனிக்கிழமை, பழைய லேப்டாப் விற்கும் சீனர் கடையில் ஒன்றை எடுத்துத் தடவினாய், காதில் வைத்தாய், முகம் மலர்ந்தது. கடைக்காரர் பதறிப்போய், அது திரை செத்தது பாஸ், பாகம் பாகமாகக் கழற்றி விற்க வைத்திருக்கிறேன் என்று மலாயில் சொன்னார். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கும் அதே வியாதிதான் பாஸ், எவ்வளவு என்று நீயும் மலாயில் கேட்டாய். அவர் சொன்ன விலை மற்றவற்றில் பாதிகூட இல்லை. மிச்சப் பணத்துக்கு மெமரியை நிரப்பித் தரச் சொன்னாய்.

நான் உன்னை வெளியே இழுத்து வந்தேன். "பைத்தியமாடா உனக்கு? நாளைக்கு இது படுத்துச்சுன்னா நான் வந்து எதைப் பார்த்துப் படிக்கிறது?"

"படிக்க வேணாம்னுதானே வாங்குறேன்."

"அப்ப நான் எதுக்கு?"

நீ என் தோளைத் தேடிப் பிடித்தாய். "சானாய் சாப்பிட வா," என்றாய்.

நான் வரவில்லை. அந்த ஒரு மாதமும் வரவில்லை. போன் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உன் மெஷின் விழட்டும், நீ என்னைக் கூப்பிடட்டும் என்று ஒருநாள் மனதார நினைத்தேன். விழுந்தால் உன் வேலையும் போய்விடும் என்று தெரிந்தே நினைத்தேன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

மாதம் முடிந்து நீ கூப்பிட்டாய். "வேலை கெடச்சிருச்சுடா. உள்ள இருக்குறது பதினோரு தடவ செத்துச்சு. வெளிய இருக்குறது ஒரு தடவகூட வாயை மூடல." அன்றைக்கே ரயில் ஏறினேன். அதற்கப்புறம் படிக்க எதுவும் இல்லாமலேயே சனிக்கிழமைதோறும் வந்தேன். நீ வைத்திருந்த வேகத்தில் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. "உனக்கு மெதுவா வச்சுத் தரேன்லா," என்பாய். சும்மா சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை பேசும் பெட்டியைச் செருகி லேப்டாப்பை ஓடவிட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. என்னிடம் ஒரு மானிட்டர் இருக்கிறது, பின்னால் மாட்டினால் எல்லாம் தெரியும். மாட்ட மனம் வரவில்லை. குரல் படபடவென்று எதையோ கொட்டிவிட்டு நின்றது. உன் அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது: "தம்பி, போறதுக்கு முன்னாடி உன் பேரையே அதுல டைப் அடிக்கச் சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

என் பெயரை அடித்தேன். உள்ளே இன்னொரு மெஷின் எழுந்தது. பிறகு அதே குரல், நிதானமாக, சொல் சொல்லாகப் படித்தது. இது உனக்காகப் போட்ட மெஷின். எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார். வெளியே இருப்பது பேசிக்கொண்டே இருக்கும்.

அழுதேன். அழுது முடித்துவிட்டு, தெரிந்தே எதையோ தப்பாக அடித்தேன். உள்ளே இருந்தது விழுந்தது, வெளியே இருந்த குரல் பேசியது. இன்று சனிக்கிழமை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த முறை நீ எனக்குப் படித்துச் சொன்னாய்.