உன் தோல் பையும் விறகு பிளக்கும் மிஷினும்

மைசூர்
30-10-1976

சிரஞ்சீவி பாலுவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், மழை விட்டுவிட்டதால் அம்மாவின் முழங்காலும் சௌக்கியம். பிலாயில் நீ, மாட்டுப்பெண், குழந்தை எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். கொல்லையில் வெந்நீர் அண்டாவின் புகை மேலே போக மனசில்லாமல் மாதுளைச் செடிமேல் தங்கியிருக்கிறது, பனியும் கூடவே இறங்கியிருக்கிறது, எது புகை எது பனி என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன், காபி ஆறிப்போய் அம்மாவிடம் திட்டும் வாங்கியாயிற்று.

போன கடிதத்தில், வலது தோள்பட்டை போனபிறகு உங்களால் கோடாலி தூக்க முடியாது, விறகு பிளக்க வந்துகொண்டிருந்த ஆளும் குடகு எஸ்டேட்டுக்குப் போய்விட்டான், கேஸ் அடுப்பு எந்தக் காலத்தில் கிடைக்குமோ, பேசாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று நீ எழுதினாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தீபாவளி ஸ்நானத்துக்கு நானே பிளந்த விறகில் வெந்நீர் காய்ச்சுகிறேன், முடியாவிட்டால் மறுவாரமே ரயில் ஏறுகிறோம் என்று பதில் போட்டுவிட்டேன். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் இந்தத் தோளோடு எப்படிப் பிளப்பது என்று யோசித்தேன். அப்போது நம் வெல்டிங் கடை மாரிசாமி, நஞ்சன்கூடு பக்கம் மூடிப்போன ஹாஸ்டல் சமையல்கட்டில் கையால் அழுத்தி விறகு பிளக்கிற மிஷின் ஒன்று சும்மா கெடக்குதுங்க, பழைய இரும்பு விலைக்கே குடுத்துருவாங்க என்றான். மாட்டு வண்டியில் அது வந்து இறங்கியபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே எண்ணெய் ஒரு தண்டைத் தள்ளும், தண்டு கட்டையைக் கொண்டுபோய்க் கத்திமேல் அழுத்தும், அவ்வளவுதான் சமாசாரம். கத்தி மழுங்கியிருந்தது, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தீட்டி வைத்தோம். இடது கையாலேயே அழுத்தும்படி, கொல்லையில் கிடந்த தண்ணீர்க் குழாயைக் கைப்பிடியோடு ஒட்டி நீளமாக்கினோம். நான் குனியாமல் இருக்க மிஷினின் கால்களை உயர்த்தினோம். அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லையடா. மத்தியானம் கண்ணை மூடினால் அந்தத் தண்டு சத்தமில்லாமல் வந்து சாமுண்டி மலையையே இரண்டாகப் பிளக்கிறது, உள்ளேயிருந்து யூகலிப்டஸ் வாசனை வருகிறது. இதை அம்மாவிடம் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வாள் என்று சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தண்டை முழுக்க வெளியே தள்ளித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். அம்மா அரிவாள்மணை, கடப்பாரை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், இருப்பதிலேயே அழகாக இருக்கிறதே என்று அந்தத் தண்டுக்குத் தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் வேலையில் இருந்தபோது நாங்களும் லேத் மிஷினுக்குப் பொட்டு வைப்போம், ஆனால் சறுக்குகிற இடத்தில் வைக்க மாட்டோம். மறுநாள் நான் கவனிக்காமல் தண்டை உள்ளே விட்டேன். காய்ந்த சந்தனம், குங்குமம் எல்லாம் கூடவே போய் எண்ணெய் கசியாமல் பிடிக்கிற தோல் வாஷரைக் கிழித்துவிட்டது, எண்ணெய் முற்றமெல்லாம் ஓடியது. அந்த அளவு வாஷர் எந்தக் கடையிலும் இல்லை. கனமான தோல் கிடைத்தால் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, அழுத்தி எடுக்கலாம் என்றான் மாரிசாமி. நான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். பேரன் ஆசையில் பிலாய்க்குப் போக வேண்டும் என்றுதானே சாமி பேரைச் சொல்லி இப்படிப் பண்ணினாய் என்று அவளைக் கேட்டும் விட்டேன். அவள் முற்றத்து எண்ணெயைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். அப்புறம், "எனக்கு மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகணும்னா இருக்கு? அவனுக்குச் சவால் விட்டேளே, ஒரு வார்த்தை என்னைக் கேட்டேளா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பரணிலிருந்து உன் பள்ளிக்கூடத் தோல் பையை அவளே இறக்கினாள், நான் தூசி தட்டப் போனாலும் சண்டைக்கு வருவாளே, அதே பை. நீ மசியால் பெயர் எழுதிய மூடிதான் நல்ல கனம். ஆசாரம்கூடப் பார்க்காமல் காய் நறுக்குகிற அரிவாள்மணையிலேயே வைத்து அறுத்துக் கொடுத்தாள். அவள் கண் கலங்கியது, எனக்கும்தான். அந்தத் தோலை மாரிசாமி எண்ணெயில் ஊறவைத்து வாஷராக்கிப் பொருத்தினான்.

தீபாவளிக்கு முதல்நாள் சாயந்திரம் பக்கத்து வீட்டு கௌரம்மா வழக்கப்படி நீரு தும்போ ஹப்பா, அதாவது தண்ணீர் நிரப்பும் பண்டிகை, என்று அண்டாவைத் தேய்த்துப் பூச்சுற்றித் தண்ணீர் நிரப்பினாள், அவளைப் பார்த்து அம்மாவும் நிரப்பினாள். நான் முதல் கட்டையை வைத்து அழுத்தினேன். பாதியில் என் கை தளர்ந்தது. அம்மா வந்து குழாயின் நுனியைப் பிடித்தாள். சேர்ந்து அழுத்தினோம், கட்டை படீரென்று வாயைப் பிளந்தது, ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை. விடிகாலையில் அந்த விறகில் காய்ந்த வெந்நீரில் குளித்தேன். புகையில் உட்கார்ந்திருந்தபோது நீ பையை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கமாக ஓடுவது போலவே இருந்தது. ஆகவே நாங்கள் வரவில்லையடா பாலு, கோபித்துக்கொள்ளாதே. இங்கே தினமும் நீதான் எங்களுக்கு வெந்நீர் போடுகிறாய்.

மிச்சத் தோலை அம்மா பழைய புடவையில் சுற்றி மறுபடி பரணில் வைத்துவிட்டாள். இன்னும் எத்தனை வாஷர் வரும் என்று கேட்டேன். நம்ம காலத்துக்குப் போதும் என்றாள். அது தீர்வதற்குள் குழந்தையை அழைத்துக்கொண்டு ஒருமுறை வந்து குளித்துவிட்டுப் போ. பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காதை மூடி வை, நீயும் ஷிப்டுக்கு மப்ளர் இல்லாமல் போகாதே. மூவரும் தீர்க்காயுசாக இருக்கச் சாமுண்டியை வேண்டிக்கொள்ளும்,

உன் அப்பா
ஜகதீசன்

(அம்மா கையெழுத்துப் போட வரமாட்டாள், தோல் பட்ட தீட்டுப் போக அரிவாள்மணையை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.)